டியூப்லெஸ் எம்டிபி (மலைச் சைக்கிள்) டயரில் மெல்லக் காற்று இறங்குதா? குமிழி வரும் இடத்தை வைத்துக் கோளாறைப் பிடியுங்கள்

ராத்திரி 25 பிஎஸ்ஐ அடித்து நிறுத்திய வண்டி, காலையில் டயர் சப்பிப்போய் நிற்கும். ஆணி எதுவும் கண்ணில் படாது, ‘உஸ்’ என்ற சத்தமும் கேட்காது. உடனே எல்லாரும் எடுப்பது சீலன்ட் பாட்டிலைத்தான், டயருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் பால் அது. டயரில் சின்ன முள் ஓட்டை இருந்து, உள்ளே சீலன்ட் காய்ந்திருந்தால் அப்படிச் செய்வது சரிதான். ஆனால் ரிம் டேப் (ரிம்மின் ஓட்டைகளை மூடும் பட்டை) விட்டிருந்தாலோ வால்வு கோர் (வால்வுக்குள் இருந்து காற்றைத் தடுக்கும் துண்டு) தேய்ந்திருந்தாலோ பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் பழைய கதை. ஆகவே காற்று எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பாட்டிலைத் தொடுங்கள்.

காலையில் கொஞ்சம் குறைகிறது, மத்தியானம் சரியாக இருக்கிறது

இது லீக்கே இல்லாமல் இருக்கலாம். மே மாத மத்தியானம் 40 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அடித்த டயரை விடியற்காலை 27 டிகிரியில் அளந்தால், ஒரு துளி காற்று வெளியேறாமலேயே ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் குறைத்துக் காட்டும். காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். வெயிலில் நின்ற வண்டிக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும். எனவே தினமும் ஒரே நேரத்தில், நிழலில், ஒரே கேஜை வைத்து அளந்து எழுதிவையுங்கள். பம்பை மாட்டும்போது கொஞ்சம் காற்று ஹோஸுக்குள் போகும். அதையும் லீக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டியூப்லெஸ்ஸில் நாளுக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இறங்குவதை நான் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரப்பர் வழியாகவே கொஞ்சம் காற்று கசியும். வழியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் நிரப்பியிருந்தால் இன்னும் வேகமாக இறங்கும், ஏனென்றால் அந்த வாயு சாதாரணக் காற்றைவிட ரப்பரை எளிதாகக் கடந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டு பம்பில் அடித்தால் சரியாகிவிடும். ஒரே ராத்திரியில் பாதிக்கு மேல் போனால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

சோப்புத் தண்ணீர்

சக்கரத்தைக் கழற்றி 30 பிஎஸ்ஐ அடியுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி இந்த வரிசையில் அடியுங்கள்: வால்வு நுனி, வால்வின் அடி, ஒவ்வொரு ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு), ரிம் ஓரம் இரண்டு பக்கமும், சைடு வால் (டயரின் பக்கச் சுவர்), கடைசியாகத் தரையில் படும் ரப்பர் பட்டன்கள். மெல்லிய லீக் உடனே குமிழி விடாது. ஓர் இடத்தில் அடித்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெறும் ஈரமாக இருக்கும். பிறகு வெள்ளையாக, கடுகை விடச் சின்னதாக நுரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதுதான் நாம் தேடுவது. ஸ்பிரே அடித்தபோதே உண்டான பெரிய குமிழிகள் தானாக உடைந்துவிடும், அவற்றை நம்பாதீர்கள்.

வீட்டில் பெரிய அண்டா இருந்தால் முக்கியும் பார்க்கலாம். பஞ்சர் கடைத் தொட்டியும் ஆகும். ஆனால் கடையில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கடையில் நடந்த பேச்சு இது:

“தம்பி, டியூப்ப வெளிய எடுங்க, பாத்துருவோம்.”

“டியூப் இல்லண்ணே. கார்ல இருக்க மாதிரி இதுவும் டியூப்லெஸ்ஸு. அப்படியே தண்ணிக்குள்ள முக்கிக் காட்டுங்க, போதும்.”

“சைக்கிள்லயா? அப்ப இந்த மெல்லிசு வால்வுல நம்ம நாசில் நிக்காதே?”

நிற்காது. பிரெஸ்டா என்ற இந்த மெல்லிய வால்வுக்குப் போடும் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிவைத்திருங்கள். மாட்டும் முன் வால்வின் நுனியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஏறாது. கடைக் கம்ப்ரசர் காருக்கும் லாரிக்கும் ஆனது. “விட்டு விட்டு அடிங்கண்ணே” என்று சொல்லி, நடுவே நடுவே கையால் அமுக்கிப் பாருங்கள்.

வால்வு நுனியில் குமிழி

இருப்பதிலேயே எளிதான கோளாறு. கோர் தளர்ந்திருக்கும், அல்லது அதன் உள்ளே சீலன்ட் காய்ந்து ஒட்டி ரப்பர் சரியாக மூடாமல் இருக்கும். கோர் டூலால் லேசாக இறுக்கிப் பாருங்கள். அப்படியும் குமிழி வந்தால் காற்றை இறக்கிவிட்டுக் கோரைக் கழற்றிப் புதிது போடுங்கள். பழையதை ஊசியால் சுரண்டி மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. விலை குறைந்த சாமானுக்கு அத்தனை பாடு எதற்கு? கழற்றும்போதும் காற்று அடிக்கும்போதும் வால்வு அடியில் இருக்கக் கூடாது. மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். அடியில் இருந்தால் தேங்கி நிற்கும் சீலன்ட் நேராகக் கோருக்குள் ஏறி அதை அடைத்துவிடும்.

வால்வின் அடியில் அல்லது நிப்பிளில் குமிழி

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். பெரும்பாலான அலுமினிய ரிம்கள் இரட்டைச் சுவர் கொண்டவை. ஸ்போக்கை மாட்டுவதற்காக உள்சுவரில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேல்தான் ரிம் டேப் ஒட்டியிருக்கும். டேப் எங்காவது ஓர் இடத்தில் விட்டாலும் காற்று இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருக்கும் குழிக்குள் போய், சுற்றி வந்து, எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியாக வெளியேறும். அது வால்வு ஓட்டையாக இருக்கலாம், ஏதோ ஒரு நிப்பிளாக இருக்கலாம், வால்வுக்கு நேர் எதிரே இருக்கும் ரிம் மூட்டாகவும் இருக்கலாம். ஓட்டு வீட்டில் ஒழுகும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறு என்பது போலத்தான். ஏழாவது நிப்பிளில் குமிழி வருகிறது என்று அந்த நிப்பிளில் பசை தடவுவது வீண் வேலை. அந்த வாசலை அடைத்தால் எட்டாவதில் வரும்.

வால்வின் அடியில் மட்டும் குமிழி, எந்த நிப்பிளிலும் இல்லை என்றால் முதலில் வால்வைச் சந்தேகப்படுங்கள். குமிழி வந்துகொண்டிருக்கும்போதே வால்வைக் கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். குமிழி நின்றால் அடி ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். நட்டை விரலால் இறுக்குங்கள். வட்ட அடி ரப்பரும் நீள அடி ரப்பரும் தனித்தனி ரிம் வடிவத்துக்கானவை. உங்கள் ரிம்மின் நடுப்பள்ளத்தில் எது படிந்து உட்காருகிறதோ அதைப் போடுங்கள். கொறடாவை மட்டும் எடுக்காதீர்கள். கொறடா போட்டு இறுக்கிய நட்டை, அழகர்மலை அடிவாரத்தில் டியூப் மாட்ட வேண்டிய நேரத்தில் வெறும் கையால் கழற்ற முடியாது.

நிப்பிள்களிலும் குமிழி வந்தால் டேப்தான். நிப்பிள் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் சீலன்டும் உள்ளே போயிருக்கிறது. அமோனியா கலந்த சீலன்ட் என்றால் அலுமினிய நிப்பிளை நாளடைவில் அரித்துவிடும், தள்ளிப்போட வேண்டாம்.

டேப் மாற்றும் முறை: டயரைக் கழற்றி, பழைய டேப்பை முழுக்க உரித்து எடுங்கள். எந்த இடத்தில் விட்டிருந்தது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடம்தான்: வால்வு ஓட்டையைச் சுற்றிக் கிழிசல், டயர் லீவர் குத்திய ஓரம், இல்லை டேப்பின் அகலம் பற்றாமல் ஓரத்தில் எழும்பிய பகுதி. இரும்பு லீவர் வைத்திருந்தால் அதைத் தூரப் போடுங்கள். பிளாஸ்டிக் லீவரையும் நுனி மட்டும் உள்ளே போகும்படி விடுங்கள், ஆழமாகச் செருகினால் டேப்பைக் கீறும்.

ரிம்மில் ஒட்டியிருக்கும் பழைய பசையை மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். விரலை ஓட்டினால் ‘கிறீச்’ என்று பிடிக்க வேண்டும், வழுக்கக் கூடாது. டேப் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும், 30 மி.மீ. உள் அகலத்துக்கு 32 அல்லது 33. அப்போதுதான் டயர் உட்காரும் ஓரம் வரை டேப் ஏறும். வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டே வந்து, வால்வைத் தாண்டி இன்னொரு சாண் மேலே ஏற்றி வெட்டுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு கிடைத்துவிடும். மலைச் சைக்கிளின் அழுத்தத்துக்கு மற்ற இடங்களில் ஒரு சுற்றுப் போதும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைத் துணி சுற்றிய கட்டைவிரலால் ஓரத்தை நோக்கித் தள்ளி வெளியேற்றுங்கள்.

வால்வு ஓட்டையைக் கத்தியால் வெட்ட வேண்டாம், வெட்டின கீறல் நீளும். சூடு காட்டிய மெல்லிய ஆணியால் குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும். ஓட்டை வால்வைவிடச் சின்னதாக இருக்கட்டும், வால்வைத் தள்ளி நுழைக்கும்படி. பிறகு சாதாரண டியூப் ஒன்றைப் போட்டு டயரை மாட்டிக் காற்று அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். அந்த அழுத்தம் டேப்பை மூலை முடுக்கெல்லாம் அமுக்கிவிடும். இந்த ஒரு ராத்திரியைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் பத்தே நாளில் மறுபடி டேப் வாங்க வருகிறார்கள்.

எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழுக்கும், டேப்பும் இழுபட்டு ஓட்டைக்குள் குழியும். அவசரத்துக்கு வீடு வந்து சேர வேண்டுமானால் ஆகட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

ரிம் ஓரத்தில் வரிசையாகக் குமிழி

டயரின் பீட் (ரிம்முக்குள் உட்காரும் தடித்த ஓரம்) ரிம்மோடு சேரும் கோட்டில் நுரை வந்தால், நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது. வைகை மணல், காய்ந்த சீலன்ட் துணுக்கு, பழைய சேறு. காற்றை இறக்கி, அந்த இடத்தில் பீட்டை உள்ளே தள்ளி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு பரப்பையும் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்று அடியுங்கள். ‘டப் டப்’ என்று பீட் ஏறும் சத்தம் கேட்கும். சைடு வாலில் ரிம்முக்கு மேலே ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே முங்கியிருந்தால் அங்கே பீட் இன்னும் ஏறவில்லை.

சுத்தம் செய்தும் அதே இடத்தில் வந்தால் ரிம்மில் நெளிவு. நாகமலைப் பாறைத் தடத்தில் 18 பிஎஸ்ஐ வைத்து வேகமாக இறங்கினால் இது சகஜம். சின்ன நெளிவை, துணி சுற்றிய ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். அலுமினியம் மறுபடி மறுபடி வளைத்தால் கீறிவிடும், ஒரு தடவைக்கு மேல் ஆசைப்படாதீர்கள். கார்பன் ரிம்மில் கீறல் தெரிந்தால் நிமிர்த்தவெல்லாம் வேலையே இல்லை, சக்கரத்தை ஓரம் கட்டுங்கள்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். கீழக்குயில்குடி சமணர் மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கையும் சிற்பமும் இருக்கும் பாறை மேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். அடிவாரத் தடமே ரிம்மை நெளிக்கப் போதுமானது.

சைடு வால் வியர்க்கிறது

புது டயரில் சைடு வால் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஈரம் தெரியும். எடை குறைந்த டயர்களில் ரப்பர் பூச்சு மெல்லிசு, அதனால்தான். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் குலுக்கி, ஒரு வாளியின் வாயில் படுக்கப் போடுங்கள். அரை மணி கழித்துத் திருப்பிப் போடுங்கள். பிறகு ஒரு சுற்று ஓட்டினால் சரியாகிவிடும். பழைய டயரில் நூல் தெரிந்து வியர்த்தால் டயரின் ஆயுசு முடிந்தது. மேலூர்ப் பக்கம் கிரானைட் சில்லு கீறிய வெட்டும் இதே கணக்குதான்: நூல் அறுந்திருந்தால் பிளக் (ஓட்டையில் செருகும் திரி) நிற்காது, உள்ளிருந்து பேட்ச் போட்டு வீடு வரலாம், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

பட்டன்களுக்கு நடுவே குமிழி: முள்

இங்கே இரண்டு முள்ளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஒன்று நெருஞ்சி. மழைக்குப் பிறகு தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் பெரிய முள் இரண்டு. எப்படி விழுந்தாலும் ஒன்றாவது மேலே பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தடம் காய்ந்த பிறகு ஒரே ஓட்டத்தில் பத்துப் பதினைந்து குத்துவது சாதாரணம். முள் குட்டை, ஓட்டையும் சின்னது. பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிஷம் வைத்தால் சீலன்ட் அடைத்துவிடும்.

இன்னொன்று வேலிக்கருவை. கண்மாய்க் கரையில் வெட்டிப் போட்ட கிளை காய்ந்து கிடக்கும். முள் நீளம், கட்டையானது, குத்தியதும் நுனி உள்ளேயே முறிந்துவிடும். இதுதான் மெல்லிய லீக்குக்கு ராஜா. முறிந்த நுனி ரப்பருக்குள் நின்றுகொண்டு, டயர் அமுங்கும்போதெல்லாம் அசைந்து, அடைத்த சீலன்டைத் திரும்பத் திரும்பக் கிழிக்கும். அதனால் ஓட்டும்போது இறங்கும், நிறுத்தினால் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும்.

அதைத் தேட டயரை ஒரு பக்கம் திறந்து, உள்பரப்பில் ஒரு கைப்பிடிப் பஞ்சை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுனியிலும் பஞ்சு இழை சிக்கி, வெள்ளை நூலாக நிற்கும். விரலால் தேடினால் விரலில்தான் முள் ஏறும். சிக்கிய இடத்தில் உள்ளிருந்து ஊசியால் நெம்பி, வெளியிலிருந்து சின்ன இடுக்கியால் இழுத்து எடுங்கள்.

20 பிஎஸ்ஐயில் அடைபட்டு, 30 அடித்ததும் மறுபடி பால் போலத் தெறிக்கும் ஓட்டை, சீலன்டின் சக்திக்கு மீறியது. சைக்கிளுக்கான மெல்லிய பிளக் திரியைச் செருகுங்கள். கார் டயருக்கான தடித்த திரியும் அதன் ரம்பம் போன்ற ஊசியும் இந்த மெல்லிய டயரில் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

எங்கும் குமிழி இல்லை, ஆனாலும் இறங்குகிறது

சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சளக் சளக் என்று கேட்டால் சீலன்ட் இருக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் காய்ந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் காற்றை இறக்கி, கோரைக் கழற்றி, வால்வைக் கீழே கொண்டுவந்து, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். நுனியில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று தெரியும்.

சீலன்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் ரப்பர் பால். தண்ணீர் ஆவியானால் மிச்சம் இருப்பது பிசின் உருண்டை. தயாரிப்பாளர்கள் இரண்டு முதல் ஆறு மாதம் என்று சொல்கிறார்கள். மதுரையில் மாசியிலிருந்து ஆனி வரை, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் வண்டி என்றால், நான் இரண்டு மாதத்தையே மேல் வரம்பாக வைத்துக்கொள்வேன், மாதம் ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பேன். 29 அங்குல டயர், 2.3 அகலத்துக்குச் சுமார் 100 முதல் 120 மி.லி. போதும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் தங்கியிருக்கும். துகள் பெரிதாக இருக்கும் வகையை வால்வு வழியாக ஏற்றினால் வால்வே அடைபடும், டயரைத் திறந்து ஊற்றுவதே மேல். இரண்டு கம்பெனிச் சரக்கைக் கலக்க வேண்டாம், சில ஒன்றுசேர்ந்து அப்படியே உறைந்துவிடும்.

நாள்கணக்கில் ஓட்டாமல் நின்ற வண்டியும் இப்படி இறங்கும். சீலன்ட் முழுக்க அடியில் தேங்கிவிட, மேல் பகுதி வறண்டுபோயிருக்கும். காற்று அடித்து நாலு தெரு சுற்றி வாருங்கள். பிறகும் இறங்கினால்தான் மேலே சொன்ன சோதனைகள்.

எதுவும் பலிக்கவில்லை, டியூப் போட வேண்டும்

சிறுமலைச் சரிவிலோ அரிட்டாபட்டித் தடத்திலோ இந்த நிலை வந்தால், வால்வைக் கழற்றிவிட்டு அவசரமாக டியூபைத் திணிக்காதீர்கள். சில மாதம் ஓடிய டியூப்லெஸ் டயரில், சீலன்ட் அடைத்ததால் உங்களுக்கே தெரியாமல் போன முட்கள் வரிசையாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று விட்டாலும் அரைக் கிலோமீட்டரில் டியூப் போய்விடும். உள்ளே மிச்சமிருக்கும் சீலன்டை வழித்துவிட்டு, பஞ்சு இல்லாவிட்டால் கைக்குட்டையைச் சுருட்டி இரண்டு சுற்று ஓட்டி, சிக்குவதையெல்லாம் பிடுங்கிய பிறகு டியூபைப் போடுங்கள். கழற்றிய டியூப்லெஸ் வால்வையும் நட்டையும் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். அடிவாரக் கடைகளில் அது கிடைக்காது.